ரோதமுனிக்கும் மழைமானிக்கும் நடுவே

எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாடிய கொழுந்தை உருட்டும் மெஷின் பக்கம். ரோதை என்றால் எங்கள் ஊரில் சக்கரம். சிங்களத்தில் ரோதய, போர்த்துக்கேயத்தில் ரோடா; எந்தக் கப்பலில் யார் கொண்டுவந்து இறக்கிய சொல்லோ. அந்த ரோதைக்கென்று இலங்கை மலையகத்துத் தொழிற்சாலைகளில் ஒரு சாமி உண்டு. ரோதமுனி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனையும் மாடசாமியையும் முனியாண்டியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார்கள். ரோதமுனி அப்படி வந்தவரல்ல, இந்த மெஷின்களுக்கு நடுவிலேயே பிறந்தவர். கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கவ்வாத்துச்சாமி இருப்பதைப் போல.

அப்பாவின் தொழிற்சாலையில் ரோதமுனி என்பது பின்சுவர் ஓரமாக நட்டிருந்த ஒரு கருங்கல். அதில் திருநீற்றுக் கோடுகள், முன்னால் ஒரு குப்பி லாம்பு. தேயிலைத் தூசும் கிரீஸ் பிசுக்கும் படிந்து, கல் எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இரவு வேலைக்குப் போகும்போது அப்பா அந்த லாம்பைக் கொளுத்திவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பார். நான் பத்தாம் ஆண்டில் மின்மோட்டார் படித்த சூட்டில் ஒருநாள் கேட்டேன்: "மெஷின் ஓடுறது கரண்டுல. இதுக்குச் சாமி எதுக்குப்பா?"

"ஓடுறதுக்குக் கரண்டு போதும்டா. என்னைக்கு எவன் கைய உள்ள விடுவான்னு கரண்டுக்குத் தெரியுமா?"

அப்போது அது எனக்கு மழுப்பலாகத்தான் பட்டது. பிறகு நானே இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். கடவுள் நம்பிக்கையும் எனக்கு இல்லாமல் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், ஒன்றால்தான் மற்றது வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். "சேர், விஞ்ஞானத்துக்கும் ஓர் எல்லை இருக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு, என்னை மடக்கிவிட்ட மாதிரிச் சிரிக்கிறார்கள். இருக்கிறது. யார் இல்லை என்றது? ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாலைந்து வெவ்வேறு சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்காமல் நம்புகிறவர்களும் வாதாடுகிறார்கள், நம்பாதவர்களும் வாதாடுகிறார்கள். பிரித்துப் பார்க்க மலையகத்தைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

கோப்பித் துரு

இந்த மலைகளில் தேயிலைக்கு முன் இருந்தது கோப்பி. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதைப் பார்த்து, இது ஒரு பூஞ்சை என்று சொல்லி ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. வஸ்டாட்ரிக்ஸ் என்றால் அழிப்பவள்.

பெர்க்லி ஒரு பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த நாட்களில், அழுகலால் பூஞ்சை வரவில்லை, பூஞ்சையால்தான் அழுகல் வந்தது என்று 1846இல் வாதாடியவரும் இவரே. ஒரு குருவானவர் மனிதப் பாவத்தையோ தெய்வ கோபத்தையோ இழுக்காமல் பூஞ்சையைக் காட்டினார். அதற்காக அவர் நம்பிக்கையை விட வேண்டியிருக்கவில்லை. இலையைப் பார்க்கும் நேரத்தில் இலையை மட்டும் பார்த்தார், அவ்வளவுதான். விஞ்ஞானம் செய்கிற முறையில் கடவுளுக்கு வேலை இல்லை என்பது ஒன்று. கடவுளே இல்லை என்பது வேறொன்று. முதலாவதை ஏற்காமல் ஆய்வுகூடத்தில் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. இரண்டாவதை ஆய்வுகூடம் யாரிடமும் கேட்பதில்லை.

அதே 1869இல்தான் லண்டனில் தோமஸ் ஹக்ஸ்லி 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை உருவாக்கினார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதவன் என்று அதை விளக்கலாம். ஒரே வருடத்தில் இரண்டும் நடந்தது தற்செயல். ஆனால் அந்த வருடத்தை நினைக்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே எனக்கு ஞாபகம் வரும்.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இலங்கைக்கு வந்தார். இரண்டு வருடம் இருந்து, அந்தப் பூஞ்சையின் முழு வாழ்க்கையையும் கண்டுபிடித்தார். வித்திகளைக் காற்று கொண்டுபோகிறது. இலையில் ஈரம் இருந்தால் அவை முளைத்து, இலைவாய் வழியே உள்ளே நுழைகின்றன. மலை மலையாக இடைவெளியே இல்லாமல் கோப்பி நின்றதால் காற்றுக்குத் தடையும் இல்லை. எல்லாம் தெரிந்துவிட்டது. கோப்பி மட்டும் பிழைக்கவில்லை. போர்டோக் கலவை என்கிற செப்பு மருந்து பிரான்ஸில் திராட்சைக்குப் பலன் தருவதாக அறிவிக்கப்பட்டது 1885இல். அதற்குள் இங்கே துரைமார் கோப்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டுவைத்த தேயிலை கைகொடுத்தது.

காரணம் தெரிவதும் மருந்து கிடைப்பதும் ஒன்றல்ல என்பது விஞ்ஞானத்தின் ஒரு வகை எல்லை. இது காலம் போடும் வேலி. இன்று இல்லாதது நாளை வரலாம், வராமலும் போகலாம். இந்த வேலிக்கு அந்தப் பக்கம் கடவுளைக் குடியமர்த்துவது நம்புகிறவர்களுக்கே நல்லதல்ல என்று எனக்குத் தோன்றும். வேலி நகர நகர அவர் வீடு மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

மீரியபெத்தை

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி அளவில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி வந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. வெள்ளனவே வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பியவர்கள் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்கள் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் "விஞ்ஞானத்தால் ஒன்றும் பண்ண முடியவில்லையே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மண் ஏன் சரிகிறது என்பது தெரியும். சரிவில் தங்கியிருக்கும் மண்ணை அதன் துகள்களின் உராய்வுதான் பிடித்துவைத்திருக்கிறது. மழைநீர் இடுக்குகளை நிரப்பி அழுத்தும்போது துகளுக்கும் துகளுக்கும் உள்ள பிடி தளர்கிறது. எந்தச் சரிவு, எந்த மண், பழைய சரிவின் தடம் இருக்கிறதா, மேலே தண்ணீர்க் கான் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து அபாய வரைபடம் போட முடியும். போட்டும் இருக்கிறார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்ல முடியாது. ஒரு மலையின் வயிற்றுக்குள் தண்ணீர் எங்கெங்கே ஒதுங்கியிருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக அளக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவே அவர்கள் பேசுவது சாத்தியக்கூற்றின் மொழி: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் கிளம்பத் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு. 'இங்கே' என்பதை நன்றாகச் சொல்லும், 'இப்போது' என்பதை மங்கலாகத்தான் சொல்லும். இது கோப்பித் துருவைப் போல வெறும் காலத் தாமதம் அல்ல. எவ்வளவு வளர்ந்தாலும் கொஞ்சம் மங்கல் மிச்சம் இருக்கும்.

ஆனால் மீரியபெத்தையில் ஆட்கள் செத்தது அந்த மங்கலால் அல்ல. 'இங்கே' என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள். எங்கே போவது, யார் காணி கொடுப்பது, வேலைக்கு எவ்வளவு தூரம் நடப்பது, லயம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாததால் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து மலையகமெங்கும் மண் இறங்கியபோதும் இதே கேள்விகள் அதே இடத்தில்தான் நின்றன. தெரிந்தும் செய்யாததை விஞ்ஞானத்தின் எல்லை என்று எழுதுவது பச்சைப் பொய். விதி என்று எழுதுவது அதைவிடப் பெரிய பொய், ஏனென்றால் விதியிடம் யாரும் காணி கேட்கப் போவதில்லை.

ஏன் நான், ஏன் இன்று

இனி அப்பாவின் பதிலுக்கு வருகிறேன். 1937இல் எவன்ஸ்-பிரிச்சர்ட் என்ற மானிடவியலாளர் ஆபிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி எழுதியதில் ஓர் இடம் உண்டு. வெயிலுக்கு ஆட்கள் தானியக் குதிரின் அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிர் இடிந்து விழுகிறது. தூண்களைக் கறையான் அரித்ததுதான் காரணம் என்று அசாண்டேக்காரருக்குத் தெரியும். வெயிலுக்காகத்தான் அவர்கள் அடியில் இருந்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் இந்த ஆட்கள் அடியில் இருந்த அதே நேரத்தில் அது ஏன் விழுந்தது? அந்த இரண்டையும் முடிச்சுப் போடத்தான் அவர்களுக்குச் சூனியம் தேவைப்பட்டது.

அப்பாவுக்குத் தேவைப்பட்டதும் இதே முடிச்சுத்தான். மெஷின் எப்படி ஓடுகிறது என்பதை விளக்க ரோதமுனியை அவர் ஒருபோதும் கூப்பிட்டதில்லை. பெல்ட் நழுவினால் எங்கே தட்ட வேண்டும் என்று டீமேக்கரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சாமி விஞ்ஞானம் தெரியாததால் வந்தது என்று எங்கள் பகுத்தறிவுக்காரர்கள் சொல்வதில் இந்த ஓட்டை இருக்கிறது. சாமி வந்தது அதற்கு அடுத்த கேள்விக்கு.

அந்த அடுத்த கேள்விக்கு விஞ்ஞானத்திடம் பதில் உண்டா? உண்டு, ஆனால் கேட்கிறவருக்கு ருசிக்காது. இரண்டு தனித்தனிச் சங்கிலிகள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டன, அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்பதுதான் பதில். பிள்ளையை மண்ணுக்குள் இழந்த ஒரு தாயிடம் இதைப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்காக இது பிழையான பதில் ஆகிவிடாது. 'ஏன் எனக்கு' என்ற கேள்வியில், கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் முன்கூட்டியே நுழைந்துவிடுகிறது. நம்பாதவன் அந்த எண்ணத்தைத்தான் ஏற்பதில்லை. கேள்வியைக் கேலி செய்கிறான் என்று அர்த்தமில்லை. கடிதம் எழுதலாம், விலாசத்தில் ஆள் இருப்பதாகத் தெரியவில்லை என்கிறான்.

சோதிக்கக்கூடியதும் கூடாததும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வழியாகத்தான் எங்கள் முன்னோர் மன்னாரிலிருந்து மலைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியும் அம்மையும் வாரிக்கொண்டு போயின. தப்பி வந்தவர்கள் அவளைக் கும்பிட்டார்கள். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 1980இல் அறிவித்தது. தடுப்பூசி செய்த வேலை. மாரியம்மன் ஒழிந்தாளா? தேருக்கு இன்னும் கூட்டம் கூடுகிறது. கொப்பளிப்பான் வந்தால் இப்போதும் "அம்மா போட்டிருக்கு" என்று வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள், ஆஸ்பத்திரி மருந்தும் எடுக்கிறார்கள். அறியாமை போனால் சாமியும் போய்விடும் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கே தோற்றார்கள். அதே சமயம் அவள்தான் நோயைத் தந்தாள், அவள்தான் எடுத்தாள் என்ற கணக்கும் தோற்றது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

விஞ்ஞானமும் மதமும் வேறு வேறு ஆட்சிப் பிரதேசங்கள், ஒன்றில் மற்றது தலையிட வேண்டாம் என்று ஸ்டீபன் ஜே கூல்ட் 1997இல் ஒரு சமரசம் சொன்னார். காகிதத்தில் அழகாக இருக்கிறது. எங்கள் தோட்டத்துச் சாமிகளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் மழை தருகிறார்கள், பிள்ளை வரம் கொடுக்கிறார்கள், பேய் ஓட்டுகிறார்கள், காணாமல் போன சங்கிலியைக் காட்டிக் கொடுக்கிறார்கள். இவை எல்லாம் நடந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடிய விஷயங்கள். பார்க்கக்கூடியதைப் பார்க்கத்தான் வேண்டும்.

இதைப் பிடிவாதமாகச் செய்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் திருவல்லாவில் 1898இல் பிறந்து, 1928இல் இலங்கை வந்து, தாவரவியல் படிப்பித்தவர். 1960 முதல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனையில் அற்புதம் செய்துகாட்டுகிறவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் என்று சவால் விட்டார். அந்த நாளில் ஓர் இலட்சம் என்பது ஒரு வீட்டுக்காசு. 1978இல் அவர் சாகும் வரை ஒருவரும் அதை வாங்கவில்லை. இது கடவுள் இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகுமா? ஆகாது. இன்ன சாமியார் இன்னதைச் செய்யவில்லை என்பதற்கு மட்டுமே நிரூபணம். கோவூரைப் பாராட்டும் எங்கள் ஆட்களில் பலர் இந்த வித்தியாசத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர், காளி சொன்னதாகத் தேனும் சாதிக்காயும் கலந்து ஒரு பாணி காய்ச்சி, கொரோனாவுக்கு மருந்து என்றார். ஊரடங்கு நெருக்கடி எல்லாவற்றையும் மறந்து ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சரே குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று. காளி பேசினாளா என்பது விஞ்ஞானத்தின் எல்லைக்கு வெளியே இருக்கலாம். பாணி வேலை செய்கிறதா என்பது எல்லைக்கு உள்ளே, நட்டநடுவில் இருக்கிறது. "விஞ்ஞானத்துக்கு எட்டாதது" என்ற வார்த்தையை இந்த இரண்டாவதற்குப் போர்வையாகப் போடும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

விளக்கம் சொன்னால் அதிசயம் செத்துவிடும் என்கிற பயமும் தேவையற்றது. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக இரவில் ஏறி, விடியும்போது கிழக்கைப் பார்த்துவிட்டு அப்படியே மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் பனிமூட்டத்தின்மேல் கச்சிதமான முக்கோணமாக நிற்கும். மலை அவ்வளவு கச்சிதம் இல்லை. நிழல் மட்டும் எப்படி? ரால்ப் அபர்குரோம்பி என்ற வானிலை ஆய்வாளர் இதைப் பார்க்கவே ஏறிவந்து 1886இல் எழுதினார். ஹட்டன் ஸ்டேஷன் மேடையில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள்: சமாந்தரமாகப் போகிற இரண்டு இரும்பும் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுகின்றன. 2243 மீற்றர் உச்சியில் நிற்கிற நீங்கள், பல மைல் நீளமான நிழலின் ஒரு முனையில் நிற்கிறீர்கள். அதன் இரண்டு ஓரமும் தண்டவாளம் போலவே தூரத்தில் கூடுகின்றன. மலை சதுரமாக இருந்திருந்தாலும் முக்கோணம்தான் தெரியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் மூன்று தடவை ஏறினேன். உச்சியில் இருக்கும் அந்தப் பள்ளம் பௌத்தருக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். எல்லாமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஏறும்போது "கருணாவை" என்று எல்லோரும் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வது மட்டும் எல்லோருக்கும் பொது.

பூதவாதியிடம் ஒரு கேள்வி

நம்பாதவர்களுக்கும் ஒரு கடிவாளம் வேண்டும். அது நம்மிடமே இருக்கிறது. மணிமேகலையில் சமயவாதிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கொள்கையைச் சொல்லும் காதையில் கடைசியாக வருகிறவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து ஊறினால் போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது என்கிறான். (கசிப்புக் காய்ச்சுகிற எங்கள் லயத்து ஆள் ஒருவருக்கு இதைச் சொன்னேன். "சரியாத்தான் சொல்லிருக்கான்" என்றார்.) மூளையைப் பற்றி இன்றைக்குப் பேசப்படும் பேச்சின் முன்னோடி அது. ஆனால் அவன் இன்னொன்றும் சொல்கிறான்: கண்ணால் காண்பதே அளவை, ஊகித்து அறிவதெல்லாம் அழியும். மணிமேகலை சிரித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்கிறாள். உன் தாய் தகப்பன் யார் என்பதை, ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

கேள்வி இன்றும் பழுதாகவில்லை. கண்டால்தான் நம்புவேன் என்கிற விஞ்ஞானம் எங்கும் இல்லை. மலைக்குள் தண்ணீரின் அழுத்தத்தை யாரும் கண்ணால் காணவில்லை, அறிகுறிகளிலிருந்து ஊகிக்கிறோம். விஞ்ஞானத்தின் பலம் ஊகிக்காமல் இருப்பதில் இல்லை. ஊகம் பிழைத்தால் பிழைத்தது என்று காட்டிவிடக்கூடிய ஓர் இடத்தில் அதை நிறுத்திவைப்பதில் இருக்கிறது. அப்படி நிறுத்த முடியாத பேச்சு இரண்டு பக்கத்திலும் உண்டு. 'எல்லாவற்றையும் ஒருவன் படைத்தான்' என்பதும் 'பருப்பொருள் தவிர வேறொன்றுமே இல்லை' என்பதும் மழைமானியில் அளக்கக்கூடியவை அல்ல. எது நியாயம், எது அநியாயம் என்பதும் அப்படித்தான். அபாய வரைபடம் மலை சரியும் என்று சொல்லும். அங்கிருப்பவர்களுக்குக் காணி கொடுக்க வேண்டும் என்று அது சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் நம்பிக்கையின்மை விஞ்ஞானம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதால் வந்ததல்ல. நம்பச் சொல்கிறவர்கள் போதிய காரணம் காட்டவில்லை, அவ்வளவுதான். விஞ்ஞானம் நாளைக்கே பாதி வழியில் நின்றுபோனாலும், அந்தக் காரணம் தானாக வந்து சேரப்போவதில்லை.

மலையகத்தில் நம்பாதவர்களின் வரலாற்றைப் பார்த்தாலும் பரிசோதனைக்கூடம் அதில் அதிகம் இல்லை. ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் பெரியார் 1932இல் இலங்கையில் இறங்கிப் பேசினார். பிறகு இளஞ்செழியனின் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களுக்குள் வந்தது. 1962இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. அவர்களின் பேச்சைக் கேட்டவர்களுக்குப் பரிணாமம் தெரியாது. கோயிலில் பெரிய கங்காணிக்குத்தான் பரிவட்டம், முதல் மரியாதை, இன்ன சாதிக்காரன் வெளியே நிற்க வேண்டும் என்பது தெரியும். நம்பாமை அங்கே ஒரு தலை நிமிர்தலாக வந்தது.

எங்கள் தாத்தாவுக்கு அதுவும் இல்லை. 1948இல் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். தாத்தாவின் தங்கச்சி குடும்பம் அந்தப் பக்கத்துப் பங்கில் விழுந்தது. தலைமன்னார் வரை போய் ஏற்றிவிட்டு வந்தவர், அந்த வருடம் அம்மன் திருவிழாவுக்குப் போகவில்லை. "அவ கண்ண மூடிக்கிட்டா. நான் மட்டும் எதுக்குக் கையெடுக்கணும்?" பிறகு சாகும் வரை போகவில்லை. இதை நாத்திகம் என்று சொல்ல மாட்டேன். இல்லாத ஒருத்தியோடு யாரும் இருபது வருடம் பேசாமல் இருக்க மாட்டார்கள். ஆனாலும் வீட்டில் விளக்கு வைக்காத ஓர் ஆளை நான் முதலில் பார்த்தது அவரிடம்தான், நியூட்டனிடம் அல்ல.

இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் சமயமும் கட்டாயம், விஞ்ஞானமும் கட்டாயம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரம் தருகிறது. நம்பாத பிள்ளையும் சமயப் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கொப்பியில் பெருவெடிப்பு, இன்னொரு கொப்பியில் சிவனின் ஐந்தொழில்.

நான் இப்போது இருக்கும் தோட்டத்தில் மழைமானி கோயில் வளவுக்குள்தான் நட்டிருக்கிறது. மரமும் கூரையும் மறைக்காத மட்டமான இடம் வேறு கிடையாது. காலையில் அதைப் பார்த்து எழுதுவது பூசாரி ஐயா. எப்படியும் ஐந்து மணிக்கு எழும்புகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னவன் நானே. போன மழைக்கு ஒருநாள், ராத்திரி ஒன்பது மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தவர், நூறு தாண்டிவிட்டது என்று கோயில் மணியை அடித்தார். பூசைக்கு அடிக்கிற அடி இல்லை, நிறுத்தாமல் அடித்தார். மேல் லயத்து ஆட்கள் பிள்ளைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். பாடசாலைச் சாவி கிடைக்காததால் எல்லோரும் கோயில் மண்டபத்தில்தான் படுத்தோம். முப்பது வருடத்துக்குப் பிறகு நானும் கோயிலுக்குள் ஓர் இரவு.

மலை இறங்கவில்லை. விடியும்போது பூசாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன சேர், அம்மா காப்பாத்திட்டாளா இல்லையா?"

"நூறுக்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் சரியும்னு இல்ல ஐயா. சரியலாம்னுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்று எழும்பிப் போனவர், மழைமானியைக் கழற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து அளவைப் பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டு, தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றினார்.